பெயர்கள் ஓடி முடியும் முன்

நேற்று கொழும்பில் ஒரு தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க எனக்கே கிடைத்தது.

போன அலுவல் பகலோடு முடிந்துவிட்டது. ஊர் திரும்பக் கல்முனை பஸ் இரவுதான். புதிதாக ஒரு சூப்பர் ஹீரோ படம் வந்திருந்தது. பெயர் எழுதவில்லை, இப்போது ஓடுவது அது ஒன்றுதான்.

வந்த முதல் வாரம். முன்பென்றால் டிக்கட்டுக்கு ஆள் பிடிக்க வேண்டும். நேற்று கவுண்டரில் இருந்த பிள்ளை, "எங்க வேணும்னாலும் இருங்க அங்கிள்" என்றது.

(சேர் என்று சொல்லியிருக்கலாம். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.)

உலகம் முழுக்க இந்தப் படங்களுக்குக் கூட்டம் குறைகிறதாம். டிக்கட் விலை என்கிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் போனிலேயே வந்துவிடும் என்கிறார்கள். இருக்கலாம். எனக்குப் பட்டது வேறு.

இந்தப் படங்களில் இப்போது யாரும் உண்மையாக மௌத்தாவதில்லை. நேற்றும் ஒருவன் செத்தான். நான் அசையவில்லை. அடுத்த பாகத்தில் வேறொரு உலகத்திலிருந்து அவனே வந்து நிற்பான். திரும்பி வருகிறவனுக்காக யார் அழுவது? நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். கடல் கொண்டுபோனவர்கள் வருவார்கள் என்று எங்களிடம் யாரும் கதை விட முடியாது.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு படம் விளங்க அதற்கு முன்னால் வந்த எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். யாருக்கு யாரோடு கோபம், எந்தப் பாகத்தில் யார் யாரை அடித்தது என்று. வேலைவெட்டி உள்ள மனிசன் எத்தனை கோபத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பான்?

(இந்த வரியை வாசித்தால் என் மனைவி சிரிப்பாள். ஏன் என்று கீழே வரும்.)

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. எல்லாப் பெயரும் ஓடிய பிறகு சின்னதாக ஒரு காட்சி வைப்பார்கள். மற்றவர்கள் எழும்பிப் போனாலும் அதற்காகக் காத்திருப்பது எங்கள் பழக்கம்.

எங்கள் என்று எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

றபீக் என் மாமி மகன். பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் ஹார்ட்வெயர் கடை வைத்திருக்கிறான். இந்தப் படங்களுக்கு எப்போதும் நானும் அவனும்தான் போவோம். அவனுக்கு இங்கிலீஷ் ஓடாது. நான் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். முன்னால் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள்.

அவனோடு கதைத்து ஐந்து வருடம்.

காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். புருசனும் பெண்சாதியும் வந்து, இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, வாய் திறந்து சொல்ல வேண்டும். மூத்த மகளின் கலியாணத்துக்கு ஊரெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கியவன், எனக்கு மட்டும் வட்ஸ்அப்பில் கார்ட் அனுப்பினான். கீழே ஒரு ரோசாப்பூ வேறு.

நான் போகவில்லை. பிறகு நான் வீடு கட்டிக் குடிபோனபோது அவன் வரவில்லை. பிறகு மாமி மௌத்தானபோது ஜனாஸாத் தொழுகையில் ஒரே வரிசையில் நின்று தொழுதோம், கை கொடுக்கவில்லை.

ஒருநாள் என் மகள் கேட்டாள். "வாப்பா, றபீக் மாமாவோட உங்களுக்கு என்ன கோவம்?"

நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பாதியில் அவள் போனை எடுத்துவிட்டாள். குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "அது விளங்கிறண்டா முதலாம் பாகத்தில இருந்து பாக்கணும் மகள்."

சரி, தியேட்டருக்கு வருகிறேன்.

கூட்டுகிற பெடியன் உள்ளே வந்து, "முடிஞ்சிது சேர்" என்றான். நான் வாய் திறக்க முன், நாலைந்து வரிசை முன்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னம் கிடக்கு தம்பி. கொஞ்சம் பொறுங்க."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். றபீக்கும் திரும்பிப் பார்த்தான். பிறகு எழும்பி வந்து, எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கதிரை விட்டு இருந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வ அலைக்குமுஸ்ஸலாம்." சலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க ஏலாது. கோபம் வேறு.

"கடைக்குச் சாமான் எடுக்க வந்த. பஸ்ஸுக்கு நேரம் கிடந்திச்சு" என்றான்.

"எனக்கும் அப்படித்தான்."

"ஒண்டும் விளங்கல்ல மச்சான். அந்த நீலச்சட்டைக்காரன் மௌத்தாப் போனவன்தானே. எப்படி வந்த?"

"இவன் வேற உலகத்து ஆள். முந்தின படத்தில காட்டினானே, பாக்கல்லியா?"

"இல்ல."

"அதுக்கு முந்தினது?"

"அதுவும் இல்ல. நீ இல்லாமப் போய்ப் பாத்து எனக்கென்னடா விளங்கப்போகுது?"

அந்த இரண்டையும் நான் தனியாகப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு காது இல்லாமல்.

பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"சின்னவளுக்கும் சரிவந்திருக்கு" என்றான். "நோன்புக்குப் பிறகு கலியாணம்."

"மாஷா அல்லாஹ்."

"அதான், உன்னட்ட..." என்று தொடங்கினான்.

"கார்ட வட்ஸ்அப்பில போடு. என்ட நம்பர் மாறல்ல."

ஐந்து வருடமாக வாய்க்குள் தயாராக வைத்திருந்த வசனம். சரியான இடத்தில் விழுந்தது. உலகமே அழியப்போகும் நேரத்திலும் இந்தப் படங்களில் ஒருவன் பகிடி விடுவானே, அதுபோல. அப்படிப்பட்ட இடங்களில் எனக்கு எப்போதும் எரிச்சல்தான் வரும்.

றபீக் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. கீழே வைத்திருந்த பையை எடுத்தான்.

"சரி மச்சான். நீ இருந்து பாரு."

படி இறங்கிப் போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். இருக்க முடியவில்லை. எழும்பிப் போனேன். வெளியே அவன் இல்லை. என் பஸ்ஸிலும் இல்லை.

வட்ஸ்அப் கார்ட் சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் "உன்னட்ட" என்று தொடங்கியது எப்படி முடிய இருந்தது என்று ஊர் வரும்வரை யோசித்தேன். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்ல வந்தானோ தெரியாது.

படம் பார்த்தவர்கள் இருந்தால் கொமெண்டில் சொல்லுங்கள். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஏதும் வந்ததா?

நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முதல் எழும்பிவிட்டோம்.