கேட்காமல் விட்ட தோல்

வாரத்துக்கு, அதாவது கன்றில் பங்கு பேசி வளர்க்க விட்ட மாடு செத்துப்போனால், வளர்த்தவர் அதன் உடம்பில் குறி சுட்டிருக்கும் இடத்துத் தோலை மட்டும் வெட்டி எடுத்து, சாம்பல் பூசிக் காயவைத்து, சொந்தக்காரரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். எங்கள் பக்கத்து முறை அது. தோலைக் காட்டாத வரைக்கும் மாடு சாகவில்லை என்றுதான் கணக்கு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை. கேட்கச் சொன்ன என் கணவரையும் வாயை மூடச் செய்தேன். அந்தக் கெட்டித்தனத்தின் கதைதான் இது.

தர்மபுரத்தில் எங்கள் காணி பள்ளத்தில் இருக்கிறது. மாரி பிறந்தால் முற்றத்தில் தவளைக்குத்தான் வாழ்வு. அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்து அடிக்குப் பயந்து ஓடிவந்து காடு வெட்டிப் பிடித்த காணி அது. நான் இங்கேயே பிறந்தவள். கணவர் மேசன் வேலைக்குப் போகிறவர். நான் விடியவே பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழிகிறவள். அப்பா விட்டுப்போன மாடுகளில் மிஞ்சியது ஒரே ஒரு சிவலைப் பசு. அதை மேய்க்கவும் ஆள் இல்லை, மழைக்குக் கட்டவும் மேட்டு நிலம் இல்லை. அதனால் அக்காவிடம் வாரத்துக்கு விட்டேன். வளர்ப்பது அவர், பாலும் அவருக்கு. முதல் கன்று வளர்க்கிறவருக்கு, அடுத்த கன்று சொந்தக்காரருக்கு. மாடு எப்போதும் சொந்தக்காரருடையது. மாட்டோடு அதன் பதிவுத் துண்டையும் கொடுத்துவிட்டேன். மிருக வைத்தியர் வந்தால் காட்டத் தேவைப்படும் என்று அக்கா கேட்டார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்த குடும்பம். அவருடைய புருசன் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர். அந்தப் பக்கத்து வீடுகளில் எங்களுக்கு ஒரு இளக்காரப் பெயர் உண்டு: தோட்டக்காட்டார். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நாங்கள் வேலியைத் தாண்டியதும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வேண்டாம் என்பார்கள், இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். அக்கா மட்டும் வந்ததும் நேரே குசினிக்குள் போய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தேத்தண்ணி ஊத்தன் பிள்ளை, தலை இடிக்குது" என்பார். என் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கில் ஆலாத்தி எடுத்தவர் அவர். இருபது வருடத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நான் அவரிடம் வைத்திருந்தது பக்தி என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த மார்கழியில் மழையோடு ஒரு குளிர் வந்தது. வன்னியில் நாங்கள் வெயிலுக்குச் சாவோம், பாம்புக்குச் சாவோம், குளிருக்கு யாரும் செத்ததில்லை. இந்தக் குளிர் அப்படியானது இல்லை. காற்று பனிக்கட்டியில் தோய்த்த துணியால் அடித்தது போல அடித்தது. மேய்ச்சல் தரையில் நின்ற மாடுகள் நின்ற நிலையில் நடுங்கி, முழங்கால் மடிந்து, அப்படியே விழுந்தன. இந்த ஊர் மாடுகளுக்குக் குளிர் பழக்கமில்லை. ஆட்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது. மலையில் மாடு வைத்திருந்த அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். பின்னேரம் நனைந்து நனைந்து அக்கா வீட்டுக்கு ஓடினேன். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்திய பழைய கம்பளியையும் சாக்குகளையும் கொண்டுபோனேன். சிவலை நிறைமாதச் சினை. அதைக் கொட்டிலின் உள்மூலையில் கட்டிக் கம்பளியைப் போர்த்தினேன். தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டுப் புகை மூட்டினேன். வெந்நீரில் மிளகும் சர்க்கரையும் கரைத்து மூங்கில் குழாயால் பருக்கினேன். அக்காவின் நாலு மாடுகள் வயல்கரையில் நின்றன. வாய்க்கால் பெருகிவிட்டதால் அவற்றைக் கொண்டுவர முடியவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த நாள் மத்தியானம் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, எல்லாம் செத்துப் போட்டுது."

"என்ரை சிவலை, அக்கா?"

"அதுவுந்தான்" என்றார். "பெக்கோ மிசின் வந்து கிடங்கு வெட்டி எல்லாத்தையும் ஒண்டாத் தாட்டாச்சு. நீ வந்து பாக்காதை, தாங்கமாட்டாய்."

என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "தோல் எங்கை?" என்பது.

"ஊர் முழுக்கச் செத்துக் கிடக்குது, ஆர் தோல் உரிச்சுக்கொண்டிருப்பினம்?"

"நம்ப நட, நம்பி நடவாதை எண்டு சும்மாவோ சொன்னவை? போய் ஒருக்காக் கேள். கேட்டாக் குறைஞ்சே போவாய்?"

எனக்குக் கோபம் வந்தது. நாலு மாட்டைப் பறிகொடுத்துவிட்டு அழுகிற மனுசியிடம் போய், என் மாட்டின் தோலைக் காட்டு என்று கேட்பதா? என் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிற ஒரே ஆளிடமா? "நீங்கள் வேணுமெண்டாப் போய்க் கேளுங்கோ, பிறகு இந்த வீட்டுக்கு வராதேங்கோ" என்றேன். அவர் பிறகு அந்தக் கதை எடுக்கவில்லை.

பங்குனியில் கொரோனா வந்தது. ஊரடங்கு போட்டார்கள். கடை பூட்டியது, பஸ் நின்றது, கணவருக்கும் வேலை இல்லை. பால் எடுக்கிற வாகனமும் வராததால் மாடு வைத்திருந்தவர்கள் பாலை என்ன செய்வதென்று தெரியாமல் அயலுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாள் அக்கா முகக்கவசமும் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் படலையடிக்கு வந்து, ஒரு போத்தல் பாலை மதகுக் கட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"தெரிஞ்ச ஒராள் தந்தது. எங்களுக்கு மிச்சம். நீ கொஞ்சம் காய்ச்சிக் குடி, நல்லா மெலிஞ்சுபோனாய்."

ஒன்றுவிட்டு ஒரு நாள் பால் வந்தது. கட்டிப் பால், காய்ச்சினால் ஆடை கனமாகப் படியும். கணவரிடம் தேத்தண்ணியை நீட்டி, "தோல் கேக்கச் சொன்னீங்களே, பாருங்கோ, இந்த நேரத்திலை ஆர் எங்களை நினைக்கினம்?" என்று குத்திக் காட்டினேன். அவர் வாங்கிக் குடித்தார். அந்தப் பாலுக்காக நான் சாமிக்கு விளக்குக் கொளுத்தினேன் என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

சித்திரையில் எங்கள் முருங்கை காய்த்துக் கொட்டியது. வாங்கிக்கொண்டே இருந்தால் மரியாதையில்லை என்று ஒரு கட்டுக் காயை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். எப்போதும் போகிற வழி தார் ரோட்டால், முன் படலைக்கு. அன்று ரோட்டில் பொலிஸ் நின்றது. அதனால் வாய்க்கால் கட்டால் சுற்றி, வேப்பம்பூ கொட்டிக் கிடந்த பாதையால், அக்காவின் வளவுக்குப் பின்பக்கம் போய் ஏறினேன். அந்த வழியால் அதற்கு முன் நான் போனதே இல்லை.

பின்வேலியோரம் தென்னங்கிடுகால் புதிதாக மறைத்து ஒரு சின்னக் கொட்டில். உள்ளே சிவலை நின்றது. காலடியில் ஒரு ஆண் கன்று, நாம்பன்.

முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாடு உயிரோடு நிற்கிறது என்று துள்ளிக்கொண்டுதான் கிட்டப் போனேன். கழுத்தைத் தடவினேன். பின்தொடையில் கை பட்டதும் அது உதறியது. அப்பா சுட்ட குறி இருந்த இடத்தில் தட்டையான இரும்பை வைத்து எரித்திருந்தார்கள். மேலே அக்கா வீட்டுக் குறி, பொருக்கு இன்னும் விழவில்லை. அந்தப் பொருக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவசரத்தில் சொன்ன பொய் இல்லை இது. அடுப்பு மூட்டி, இரும்பு காய்ச்சி, மாட்டை விழுத்திக் கட்டிச் செய்த வேலை.

அக்கா குசினி வாசலில் நின்றார். முகக்கவசம் இல்லை.

"ஏன் பிள்ளை பின்பக்கத்தாலை வந்தனீ?"

இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"முன்னாலை வந்திருந்தா இன்னும் எத்தினை நாளைக்கு என்ரை மாட்டின்ரை பாலை எனக்கே பிச்சை போட்டிருப்பீங்கள்?"

அவர் வாசற்படியில் குந்திவிட்டார். கண்ணீர் வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"என்ரை நாலும் செத்துது. நீ போத்திவிட்டது மட்டும் எழும்பி நிண்டுது. விடிய அதைப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. என்னை அறியாமல் வாயிலை வந்திட்டுது. நீ தோல் கேப்பாய் எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். கேட்டிருந்தா அண்டைக்கே அவிட்டுத் தந்திருப்பன். நீ கேக்கேல்லை."

"உங்களிட்டை என்னெண்டு கேக்கிறது?"

"கேட்டிருக்கோணும்," என்றார் அக்கா. "கொண்டு போ. அவர் வயலாலை வாறதுக்கு முந்திக் கொண்டு போ. ஒருத்தருக்கும் சொல்லாதை."

கயிற்றை அவிழ்த்தேன். கன்றும் எழுந்து பின்னால் வந்தது. அதை நான்தான் திருப்பிப் பிடித்துக் கொட்டிலில் கட்டினேன். முதல் கன்று வளர்த்தவருக்கு. அவர் களவெடுத்தவராக இருந்தாலும் வளர்த்தவர் அவர்தான். அவர் முறை தவறினார் என்று நானும் தவறினால் பிறகு எனக்கென்ன நியாயம்? அப்படித்தான் யோசித்தேன். என்னைப் போல ஒரு விசரி இந்த ஊரில் பிறந்திருக்க மாட்டாள்.

கன்று கத்த, மாடு கதற, வாய்க்கால் கட்டால் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று அடி வரும், இரண்டு அடி திரும்பும். சத்தத்துக்கு வீட்டுக்கு வீடு சனம் வேலியால் எட்டிப் பார்த்தது. மதகடியில் தமிழ் பேசுகிற பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"ஊரடங்கு நேரம் மாட்டை எங்கை கொண்டு போறீங்கள்? ஆரின்ரை மாடு?"

"என்ரை மாடு, ஐயா."

அவர் குறியைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களிடம் யார் குறி என்று கேட்டார். சொன்னார்கள். பதிவுத் துண்டு கேட்டார். என்னிடம் இல்லை. அதற்குள் அக்காவின் புருசன் வயல் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தார். பின்னால் அக்கா. ஊரே நின்றது.

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ," என்றார் பொலிஸ்காரர் அக்காவிடம். "இது ஆரின்ரை மாடு?"

நான் அக்காவைப் பார்த்தேன். பயப்படவே இல்லை. பத்து நிமிசத்துக்கு முன் கொண்டு போ என்று அழுதவர் அல்லவா? அக்கா புருசனைப் பார்த்தார், வேலியோரம் நின்ற சனத்தைப் பார்த்தார், முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார்.

"எங்கடை மாடு," என்றார்.

என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று எனக்கே நினைவில்லை. குளிர், கம்பளி, வாரம், சுட்ட இடம் எல்லாவற்றையும் கத்தினேன். பொலிஸ்காரர் பொறுமையான மனிதர். "சண்டை வேண்டாம். கயித்தை விடுங்கோ, மாடு எங்கை போகுதெண்டு பாப்பம்" என்றார்.

மாடு எங்கே போகும்? கன்று கத்துகிற இடத்துக்குத்தான் போகும். கயிற்றை விட்டதுதான் தாமதம், வாலைத் தூக்கிக்கொண்டு அக்கா வளவுக்கு ஓடியது. சனம் சிரித்தது. அந்தக் கன்றை நானே கட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். ஒரு கள்ளி மாட்டைக் கொண்டுபோகும்போது கன்றை விட்டுவிட்டா போவாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பொலிஸ்காரர் புத்தகத்தை எடுத்து என் பெயரைக் கேட்டார். களவுக் கேஸ், அதோடு ஊரடங்கை மீறிய கேஸ். அப்போது அக்கா முன்னால் வந்தார்.

"விடுங்கோ ஐயா. கேஸ் ஒண்டும் வேண்டாம். பாவம், தோட்டக்காட்டுச் சனம். வேலையும் இல்லை, பசியிலை செய்திட்டுதுகள். நாங்கள் மன்னிச்சிட்டம்."

எவ்வளவு நல்ல மனம் என்று யாரோ சொன்னார்கள். பொலிஸ்காரர் புத்தகத்தை மூடிவிட்டு, இந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போங்கோ என்றார். நன்றி சொன்னால்தான் விடுவேன் என்பது போல நின்றார். கணவர் நிவாரணச் சாமானுக்குப் போயிருந்தார், வீட்டில் மகள் தனியே இருந்தாள்.

நான் நன்றி சொன்னேன்.