எங்கட ஆள் நீதிபதி

சிட்னியில் ஃபெடரல் விசாரணை நீதிமன்றமொன்றில் நான் நீதிபதி. என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் அகதி வழக்குகள். ஒருவருக்கு ஊரில் ஆபத்து இருக்கிறதா என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதைக் குடிவரவு அதிகாரிகள் முன்பே தீர்மானித்திருப்பார்கள். அவர்கள் சட்டப்படி தீர்மானித்தார்களா என்று மட்டும்தான் நான் பார்க்கலாம். இதை எத்தனை முறை விளக்கினாலும், எதிரே நிற்பவர் தன் கதையைத்தான் சொல்லுவார்.

இலங்கைத் தமிழர் கல்யாண வீடுகளில் அன்ரிமார் என் கையைப் பிடித்து, "எங்கட ஆள் ஒருத்தி ஜட்ஜ்" என்று பெருமைப்படும்போதெல்லாம் நான் மெல்லக் கையை உருவிக்கொள்வேன். ஒரு தமிழருக்கு நான் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் என்ன பேசுவார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சக நீதிபதிகளின் வாய்க்கும் மூடி கிடையாது.

அந்த மனிதர் வந்தது சிட்னியின் பரமட்டா நீதிமன்றத்துக்கு, ஒரு காலை வேளையில். இலங்கையில் வன்னியைச் சேர்ந்தவர், இங்கே கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதுதான் அவருடைய முழு வழக்கும். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார், வழக்கறிஞர் இல்லை. விதிப்படி நான் ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும். அவர் சொல்லும் தமிழ் நேராக என் காதில் விழுந்தாலும், அது ஆங்கிலமாகி வரும்வரை சுவர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

வழக்கறிஞர் எங்கே என்று கேட்டேன்.

அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒரு லோயர் காசில்லாமல் செய்து தாறன் எண்டவர், அம்மா. ஜட்ஜ் எங்கட ஆள் எண்டு அறிஞ்ச பிறகு, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வந்தனான். உங்களுக்கு விளங்கும்தானே."

வேறு நாட்டவர் யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். "வழக்கறிஞர் இல்லாமல் வராதீர்கள், ஒரு மாதம் தள்ளிவைக்கிறேன்" என்று பிடிவாதமாகச் சொல்லியிருப்பேன். வேண்டாம் என்றவர்களையும் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இவரிடம் மட்டும், வழக்கறிஞர் இல்லாமலே தொடங்கட்டுமா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், நான் விசாரணையைத் தொடங்கினேன். தள்ளிவைத்தால் சலுகை மாதிரித் தெரியுமே என்ற பயம். அது கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

தம்பியைக் கொண்டுபோனதையும், பிறகு தன்னைத் தேடி வந்ததையும் அவர் சொன்னார். நான் குறிப்பெடுத்தேன்.

அடுத்த மூன்று வாரங்கள் அவருடைய கோப்பு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அதிகாரிகளின் முடிவை வரி வரியாகப் படித்தேன். ஒரு பிழை, ஒரேயொரு பிழை அகப்படாதா என்று அரிசியில் கல் பொறுக்குவது போலத் தேடினேன். அகப்படவில்லை. மனுவைத் தள்ளுபடி செய்தேன்.

தீர்ப்பைக் கேட்டுவிட்டு, கொடுத்த தாளை அவர் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கும்பிட்டார். "உங்களில பிழையில்லை, அம்மா. எங்கட ஆள் நீங்களே இல்லையெண்டு சொன்னால் அது இல்லைத்தான்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து தலையசைத்தேன். தோற்றவர்களிடம் "அப்பீல் செய்யலாம்" என்று வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம். அன்று அது தாளில் எழுதியிருக்கிறதே என்று விட்டுவிட்டேன். உள்ளே போய்த் தேநீர் குடித்தேன். வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு நிம்மதியாக இருந்தது.

சில மாதங்களுக்குப் பின் வேறு நாட்டவர் ஒருவருடைய வழக்கு வந்தது. அவருக்குப் பெண் வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். அந்தப் பெண் பத்து நிமிடம்தான் பேசியிருப்பாள். ஒரு கடிதத்தைக் காட்டி, இதை என் கட்சிக்காரர் அதிகாரிகளிடம் கொடுத்தார், முடிவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, இதை அவர்கள் கருத்தில் எடுக்கவேயில்லை என்றாள். முக்கியமான ஆதாரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது சட்டப்பிழை. அந்த மனுதாரர் வென்றார்.

அறைக்குப் போய் வன்னிக்காரருடைய பழைய கோப்பை எடுத்தேன். அவருடைய ஊர் அரசு அலுவலரான கிராம சேவகரின் கடிதம் அதில் இருந்தது. இரண்டு தடவை ஆட்கள் இவரைத் தேடி வந்ததை அவர் எழுதியிருந்தார். அதிகாரிகள் பெற்றுக்கொண்ட முத்திரையும் இருந்தது. என் பென்சில் கோடுகூட இருந்தது. அதிகாரிகளின் முடிவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்த அரிசியில் கல் பொறுக்கினேனே தவிர, ஒரு சுண்டு அளவு அரிசி குறைவதைப் பார்க்கவில்லை.

மேல் நீதிமன்றம் என் பிழையைத் திருத்தலாம். அவர் அப்பீல் செய்தாரா என்று என் உதவியாளரை விசாரிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. செய்யவில்லை. அப்பீலுக்கான நாட்கள் கடந்துவிட்டன. அவரைத் திருப்பி அனுப்பியும் விட்டார்கள்.

ஏன் அவர் அப்பீல் செய்யவில்லை என்று உதவியாளர் வியந்தார். எங்கட ஆள் சொன்னதை அந்த மனிதர் நம்பிவிட்டார்.