பஸ்ஸில் வந்த வலிப்பு

இன்று காலை காஜா பேராங் போகும் பஸ்ஸில், மெர்டேகா சுதந்திர தினக் கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படாத பஸ்ஸில், ஒருவர் வலிப்பு வந்து விழுந்தார்.

கண்டக்டர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்.

"அண்ணே, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நான் நர்ஸுக்குப் படிக்கிறேன்" என்றேன்.

விழுந்தவரின் மனைவி அழுதார். "இரும்ப மட்டும் எடுத்துராதம்மா!"

எடுக்கவில்லை. தலையைத் தாங்கி, எச்சில் வெளியே வழியும்படி பிடித்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் கண் விழித்தார். எல்லோரும் சாவிக்குத்தான் நன்றி சொன்னார்கள்.

வலிப்பு தானாகத்தான் நின்றது, சாவியால் இல்லை என்று வகுப்பில் ஆற்றாமையோடு சொன்னேன். ஆசிரியை கேட்டார்: "வலிப்பு எத்தன நிமிஷம் இருந்துச்சு?"

சட்டையில் கடிகாரம் குத்தியிருந்தும் நான் பார்க்கவில்லை.

"பாத்து எழுதி வைக்காத வரைக்கும், நீ சொல்றதும் அவங்க சொல்றதும் ஒன்னுதாம்மா."

தோழிகளே, உண்மையைச் சொல்லுங்கள். அந்த அழுகைக்கு நடுவே நீங்கள் மணி பார்த்திருப்பீர்களா?