ஏறிப் பார்த்த ஊர்

அந்த ஊரை அதன் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. ‘ஏறிப் பார்த்த ஊர்’ என்றால்தான் பஸ்ஸில் டிக்கெட்டே கிழியும். தெருவுக்கு மூன்று ஏணிப் பட்டறை. எந்த ஏணியானாலும் ஒருவர் உச்சிப்படி வரை ஏறி மிதித்துப் பார்த்து, அதன் காலில் ‘ஏறிப் பார்த்தது’ என்று முத்திரை சுட்ட பிறகுதான் விலைக்குப் போகும். என்றோ ஒருநாள், ஏறிப் பார்க்காத ஏணியில் அன்றைய ஊர்த்தலைவரே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதால் வந்த ஏற்பாடு. ஊர்கள் இப்படித்தான் புகழ் அடைகின்றன: முதலில் யாராவது விழ வேண்டும்.

இந்தப் புகழை இருபத்திரண்டு வருடமாகத் தாங்கியவர் பெரிய பட்டறையின் முத்திரைக்காரர். தாங்கியவர் என்பது கொஞ்சம் தாராளம். ஆறு வருடம் முன் பன்னிரண்டாம் படியில் கால் வழுக்கி அரை நிமிடம் அந்தரத்தில் தொங்கினார். அன்றிலிருந்து மூன்றாம் படிக்கு மேல் அவருக்கு உலகம் சுற்றும். எனவே கதவைச் சாத்திக்கொண்டு மூன்று படி ஏறுவார். மிச்சத்தை, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி, நீளக் குச்சியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு சுடுவார். பெண்டாட்டிக்கும் தெரியாது.

அன்று காலை தண்ணீர்த்தொட்டிச் சுவரில் ஊரின் பட்டப்பெயரை ஆளுயர எழுத்தில் எழுத இப்போதைய தலைவர் ஏற்பாடு செய்திருந்தார். எழுதியவர், முத்திரைக்காரரின் மகளை மூன்று மாதம் முன் கட்டிய பெயின்டர் மாப்பிள்ளை. வேடிக்கை பார்க்கப் போன முத்திரைக்காரர் அண்ணாந்தார். முப்பது படி ஏணி. உச்சியில் வாளியோடு மாப்பிள்ளை. கீழே ஏணியின் காலில் அவருடைய முத்திரை. போன வாரம் தட்டிக் கேட்டது.

“மாப்பிள்ளை, போதும், இறங்குங்க!”

“இன்னும் ஒரே வார்த்தைதான் மாமா. நீங்க ஏறிப் பார்த்த ஏணி, எனக்கென்ன பயம்? ஆனா இந்தப் படி மட்டும் லேசா முனகுது.”

“மாமனார் பாசத்தைப் பாருங்கய்யா!” என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

முத்திரைக்காரர் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஏணி வெடவெடவென்று ஆடியது. ஆட்டியது அவருடைய கைதான். சொன்னால் வேலை போகும், மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால் மகள்... அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை. மேலே ‘கிறீச்’ என்றது.

“நான் ஏறிப் பார்க்கல!”

“எதை?” என்றார் தலைவர்.

“இதை. எதையுமே. ஆறு வருஷமா.”

சிரிப்பு நின்றது. எதிர்க்கடையில் பல்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஏணியைத் தழுவி உறைந்தார். அதற்கு அப்பால் சுவர் பூசிக்கொண்டிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, “யாராவது என்னை இறக்குங்களேன்” என்று ஈனஸ்வரத்தில் கேட்டார்.

மாப்பிள்ளை ஒவ்வொரு படியாக, ஓரத்தில் மட்டும் கால் வைத்து இறங்கினார். இருபதாம் படி விரிசல் விட்டுத் தூசி கொட்டியது. முத்திரைக்காரர் மூச்சு விட்டது, மாப்பிள்ளையின் செருப்பு மண்ணில் பட்ட பிறகுதான்.

பட்டறை அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது: விற்ற ஏணிகளை வீடுவீடாகப் போய் அவரே ஏறிப் பார்க்க வேண்டும். மறுநாள் முதல் வீட்டில் மூன்றாம் படியில் நின்றார்.

“நான் பிடிச்சிருக்கேன் மாமா” என்றார் கீழேயிருந்து மாப்பிள்ளை. “கீழ மட்டும் பார்க்காதீங்க.”

நான்காம் படியில் கால் வைத்தார்.

தொட்டிச் சுவரில் இன்றும் ‘ஏறிப் பார்த்த’ வரைதான் இருக்கிறது. மிச்சத்தை எழுத யாரும் ஏறவில்லை.