நாதன் அண்ணையின் இறுக்கமான பெட்டி

செய்தி வாட்ஸப்பில் வந்தது. நான் அதை நம்பவில்லை. ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணிகளின் கைப்பைகளை எக்ஸ்ரே திரையில் பார்ப்பது என் வேலை. இடைவேளையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து தொலைபேசியைத் திறந்தால், எங்கள் குறிசுடும் கழகத்தின் குழுவில் ஒரே ஒரு வரி: நாதன் இன்று காலை காலமானார். முதலில் அனுப்பியவரின் எண்ணைச் சரிபார்த்தேன். பிறகு செயலாளர் பீற்றருக்கு எடுத்தேன். அவர் சொன்னதும் போதாமல், ரெய்னர்ஸ் லேனில் அண்ணையின் வீட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கும் எடுத்தேன்.

"ஓம் தங்கச்சி, உண்மைதான். நித்திரையிலையே போயிட்டார். ஏன், ஆரும் பொய் சொல்லுவினமோ இதிலை?" என்றார் அவர்.

சொல்லுவார்கள். ஆனால் அன்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றிவிட்டு மீண்டும் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். என்ன பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது.

நாதன் அண்ணையைக் கழகத்தில் அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு சொல்: இந்த நாட்டில் உண்மையான கைத்துப்பாக்கி வைத்துப் போட்டிக்குச் சுட ஏலாது. நாங்கள் சுடுவது காஸ் அடைத்து, சின்னப் பிளாஸ்ரிக் குண்டு போடும் துவக்குகள். ஹவுன்ஸ்லோவில் ஒரு பழைய சரக்கு மண்டபத்தில் மரச்சட்டங்களை நட்டு, அட்டைகளையும் இரும்புத் தகடுகளையும் வைத்து, மணிக்கூட்டுக்கு எதிராக ஓடி ஓடிச் சுடுவோம். என் அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "அங்கை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை காசு குடுத்து அதைத் தேடிப் போறியோ? உனக்கென்ன விசரோ?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் நின்று கேட்பார். விசர்தான். கழகத்தில் இருந்த தமிழர்கள் கொஞ்சப் பேர்தான்; அதில் ஒரு ஞாயிறும் விடாமல் வந்தது நானும் நாதன் அண்ணையும். எங்கள் இருவருக்கும் ஒரே விசர்.

அவர் குசினி அலுமாரிகள் பூட்டும் தச்சர். பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எதையும் நம்பமாட்டார். முதல் நாள் என்னைக் கண்டதும் ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. "துவக்கு ஆர் தெரிஞ்செடுத்துத் தந்தது?" என்று கேட்டார். கடைக்காரன் என்றேன். "அப்ப முதலிலை அதைக் கழட்டிப் பாப்பம்," என்று வாங்கிக்கொண்டார். அவர் வாயில் எப்போதும் இருந்த வசனம் உங்களுக்கு நினைவிருக்கும்: "வடிவான சாமானை முதலிலை சந்தேகப்படு." மினுங்குகிற நிறத்தில் எதைக் கொண்டுபோனாலும் உதட்டைப் பிதுக்குவார். எனக்கு அந்தக் குணம் பிடித்திருந்தது. நானும் சம்பளம் வாங்கிச் சந்தேகப்படுகிறவள்தானே.

இந்த நினைவு முழுக்க அணியில் ஓர் இடத்தைப் பற்றியது. அதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனமில்லை. பிரான்சில் நடக்கும் ஒரு போட்டிக்கு எங்கள் கழகத்திலிருந்து அணி போகவிருந்தது. மற்ற இடங்கள் நிரம்பிவிட்டன. ஒன்றுதான் மிச்சம். அதற்கு நானும் நாதன் அண்ணையும். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லட்டுமா? இவ்வளவு காலமும் ஊர் உலகமெல்லாம் போகிறவர்களின் பைகளுக்குள் பார்த்தே என் நாள் போயிருக்கிறது. ஒருமுறையாவது என் பெயர் எழுதிய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் பெட்டியை இன்னொருத்தி திரையில் பார்க்க, நான் அந்தப் பக்கம் நடந்து போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நாதன் அண்ணையிடம் மட்டும் சொன்னேன்.

அந்த இடத்துக்கான தெரிவுப் போட்டிக்கு முன்னர் மகசின் நீட்டிப்பு வாங்கவேண்டியிருந்தது. காஸும் குண்டும் அடைத்துத் துவக்கின் பிடிக்குள் செருகும் மகசினுக்கு அடியில் ஒரு துண்டைப் பூட்டி அதை நீளமாக்கலாம். நீளம் கூடினால் காஸுக்கு இடம் கூடும். எங்கள் மண்டபம் குளிரில் விறைத்துக் கிடக்கும். குளிரில் காஸ் சோர்ந்துபோய்க் கடைசிக் குண்டுகள் தகட்டில் பட்டும் தகடு விழாது. நீட்டு மகசினில் அந்தக் கரைச்சல் குறைவு. பித்தளையில் வாங்கினால் பாரமாக இருக்கும்; குண்டு முடிந்த மகசின் விரலால் தட்டியதும் பொத்தென்று கீழே விழும். அலுமினியம் இலேசு. பிளாஸ்ரிக் மலிவு, சீமெந்துத் தரையில் விழுந்தால் பிளந்துபோகும். இவ்வளவும் எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான். மற்றவர்கள் இணையத்தில் விமர்சனம் பார்த்து வாங்குவார்கள். அண்ணை நாலைந்தை வாங்கி வந்து, தரையில் போட்டு, தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு முக்கால்வாசியைத் திருப்பி அனுப்புவார்.

நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. போட்டியன்று மகசின் பூட்டிய துவக்கை அதிகாரி ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார். உள்ளே அடங்கினால் எங்கள் பிரிவில் சுடலாம். அடங்காவிட்டால் பெரிய துவக்குக்காரரின் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே எங்களுக்கு வெல்லுகிற கதையே இல்லை. கழகத்தில் பழகுவதற்கென்று நாதன் அண்ணை ஒட்டுப்பலகையில் அப்படியொரு பெட்டி செய்து வைத்திருந்தார். மூலைகள் ஒட்டினது தெரியாத அளவுக்கு நேர்த்தி. "பெட்டிக்குள்ளை போகாதது போட்டிக்குப் போகாது," என்பார். நாங்கள் எல்லோரும் அதில் வைத்துப் பார்த்துத்தான் நீட்டிப்பு வாங்கினோம்.

நான் ஒரு நீட்டுப் பித்தளைத் துண்டை விரும்பினேன். அவரது பெட்டியில் வைத்தேன். அடி இடித்தது. திருப்பி வைத்தேன், சரித்து வைத்தேன். ஊஹூம்.

"வேண்டாம் பிள்ளை. உம்மடை கையும் சின்னன். கட்டை அலுமினியத்தைப் போடும். அதுதான் உமக்கு வாய்க்கும்."

"நீங்கள் எதைப் போடுறியள் அண்ணை?"

"நான் இன்னும் யோசிக்கேல்லை," என்றார்.

எந்தப் பையைத் திறக்கச் சொல்லவேண்டும் என்பது என் மனதுக்கு எப்போதும் ஒரு கணம் முன்னதாகத் தெரியும். அன்றும் தெரிந்தது. நாலைந்தை வாங்கித் தட்டிப் பார்க்கிற மனிதர் யோசிக்காமல் இருப்பாரா? ஆனால் அண்ணை என்று கூப்பிட்டுப் பழகிய வாய், கேள்வியை விழுங்கிவிட்டது. கட்டை அலுமினியத்தை வாங்கினேன்.

தெரிவுப் போட்டி வேறொரு கழகத்தின் மண்டபத்தில் நடந்தது. மாசி மாதக் குளிர். அதிகாரியின் பெட்டி இரும்பு. வரிசையில் எனக்கு முன்னால் நாதன் அண்ணை. அவர் துவக்கை எடுத்து வைத்தபோது அதன் அடியில் மஞ்சளாக மினுங்கியது. நான் விரும்பிய அதே நீட்டுப் பித்தளை. பெட்டிக்குள் அது லேசாகப் போய் அமர்ந்தது. அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

காலையில் புள்ளிகளில் நான் முன்னுக்கு நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள், பீற்றர் கைகூடத் தட்டினார். கடைசிக் கட்டத்தில் வரிசையாக இரும்புத் தகடுகள். என் குண்டுகள் போய்ப் படுகிற சத்தம் கேட்கிறது, தகடு நிற்கிறது. திரும்பச் சுட்டேன். நின்றது. மகசினை மாற்றினேன். மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. நாதன் அண்ணையின் குண்டு பட்ட தகடெல்லாம் விழுந்தது. இடம் அவருக்குப் போனது.

மற்றவர்கள் அவரது முதுகில் தட்டி முடியும்வரை காத்திருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் தன் வான் வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். அந்த ஒட்டுப்பலகைப் பெட்டி உள்ளே இருந்தது. கேட்காமலே அதை வெளியே இழுத்தேன்.

"அண்ணை, இந்தப் பெட்டி சின்னன். வேணுமெண்டுதான் சின்னனாய்ச் செய்தனீங்கள், என்ன?"

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சீச்சீ, என்ன பிள்ளை கதைக்கிறீர், பலகை ஊதிப்போச்சு, மழை, ஈரம். நான் அதற்குப் பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் இதைத்தானே கேட்கிறேன். பையில் கத்தி இருக்கும், இல்லை என்பார்கள். தண்ணீர்ப் போத்தல் இருக்கும், யாரோ வைத்துவிட்டார்கள் என்பார்கள்.

"ஓம்," என்றார் நாதன் அண்ணை.

பெட்டியின் மூலையை விரலால் தடவினார்.

"முதல் செய்யேக்கை எல்லாருக்குமாய்க் கொஞ்சம் இறுக்கித்தான் செய்தனான். இதுக்குள்ளை போனால் எந்தப் பெட்டிக்குள்ளையும் போகும் எண்டு. பிறகு நீர் அந்தப் பித்தளையைக் கொண்டுவந்தனீர். அப்ப சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. எனக்கு அந்த இடம் வேணும்."

"எனக்கும்தானே வேணும்! உங்களிட்டை மட்டும்தானே சொன்னனான்!"

"ஓம். தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான்."

போட்டி நடக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் அவரது மகள் இருக்கிறாளாம். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளையும் தாயையும் விட்டுவிட்டு லண்டன் வந்தவர் அவர். அவள் பேசுவதை நிறுத்தி நெடுங்காலம். நான் விடவில்லை. அப்படியென்றால் ஒரு ரெயின் எடுத்துப் போய்ப் பார்க்கலாமே, அதற்கு என் இடம் எதற்கு என்று கேட்டேன்.

"உன்னைப் பாக்க வாறன் எண்டால், வராதேங்கோ எண்டு சொல்லுவாள். சொல்லியும் இருக்கிறாள். இந்தச் சுடுற மச்சுக்கு வாறன் எண்டால் அப்பிடிச் சொல்ல ஏலாதுதானே. மச் அவளின்ரை இல்லை. நான் வருவன். விரும்பினால் வந்து பாக்கட்டும்."

அந்தக் கதையை நான் முழுதாக நம்பவில்லை. கேட்டதும் நெஞ்சு இளகுகிற மாதிரி இருந்தது. வடிவான சாமானைச் சந்தேகப்படச் சொன்னவரே அவர்தானே. பெட்டியை வானுக்குள் எறிந்துவிட்டு வந்தேன். அம்மா வாசலில் நின்று "என்ன, வெண்டனியோ?" என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

அவர் பிரான்சுக்குப் போய் வந்தார். கழகத்தில் "என்ன மாதிரி அண்ணை?" என்று மற்றவர்கள் கேட்டபோது "பரவாயில்லை" என்றார். பட்டியலில் அவர் பெயர் அடியில் கிடந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோசம் இருந்தது, மறைக்கமாட்டேன். மகளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமை ஒட்டுப்பலகைப் பெட்டியைப் பிரித்துச் சரியான அளவில் புதிதாய்ப் பூட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நான் வீட்டிலிருந்து அளவுநாடா கொண்டுபோய் எல்லோருக்கும் முன்னால் அளந்தேன். அவர் பக்கத்தில் நின்று, "அந்த மூலையையும் அளந்து பாரும் பிள்ளை," என்றார். அதற்குப் பிறகு நாங்கள் பேசினோம், பழகினோம், ஒரே காரில் போய் வந்தோம். அவர் தந்த எதையும் நான் அளக்காமல் வாங்கியதில்லை. அவரும் அதைக் குறையாக எடுத்ததில்லை.

செத்தவீட்டுக்கு மகள் வந்திருந்தாள். பெயர் அனுஷா. கறுப்புச் சட்டையில், தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். எல்லோரும் தகப்பனைப் பற்றி நல்லது நல்லதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறைந்ததும் நான் கிட்டப் போனேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பிள்ளை, அப்பா அங்கை மச்சுக்கு வந்தவரெல்லே. நீர் போய்ப் பாத்தனீரோ?"

"போனனான் அன்ரி. ஆனால் பிந்திப் போச்சு. போகலாமோ விடலாமோ எண்டு காருக்குள்ளையே இருந்திட்டன். உள்ளுக்கை போக எல்லாம் முடிஞ்சுது. அப்பா சாமானை அடுக்கிக்கொண்டிருந்தவர். அவர் சுட்டதை நான் பாக்கவே இல்லை."

"பிறகு?"

"என்ரை காரிலை வந்து இருந்தவர். ரெண்டு பேருக்கும் கதைக்க ஒண்டும் வரேல்லை. பிறகு அந்த அடியிலை பூட்டுறதை, நீட்டா மஞ்சளா, அதைக் கழட்டி என்ரை கையிலை தந்து, இது ஏன் பித்தளை, ஏன் இவ்வளவு நீட்டு, காஸ் எப்பிடிப் போகும் எண்டு சொல்லத் தொடங்கினவர். நல்ல நேரம் சொன்னவர். எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை அன்ரி. ஆனால் காரை விட்டு இறங்குங்கோ எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. அதுக்குப் பிறகுதான் நாங்கள் போனிலை கதைக்கத் தொடங்கினது."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இதாலை வேறை ஒரு பிள்ளையின்ரை இடத்தைக் களவெடுத்துத்தான் வந்தனான் எண்டும் சொன்னவர். அவள் வந்திருந்தால் வெண்டிருப்பாள் எண்டு. அது நீங்களோ?"

"ஓம்," என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அங்கே நின்றே அழுதோம். மற்றவர்கள் தகப்பனுக்காக என்று நினைத்திருப்பார்கள்.

அவர் நல்லவர் என்று எழுதி முடிக்க எனக்கு வராது. என்னை ஏமாற்றினார். அந்த இடம் என்னுடையது, நான் போயிருந்தால் பட்டியலில் மேலே நின்றிருப்பேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்ற பிள்ளையிடமே சொல்லியிருக்கிறார். அந்தக் கோபம் இன்னும் எனக்குள் சூடாகவே இருக்கிறது. நாதன் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், அதை நான் ஆறவிடமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் கைகளைப் பிடித்து நின்றபோது, யாராவது வந்து உன் இடத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.