படம் வேணுமா, சத்தம் வேணுமா?

நம் நாட்டுக்கு டெலிவிஷன் வந்த புதிது. மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு ரேடியோ கடையில் நான் ரிப்பேர்காரன். ரேடியோ எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிவி பெட்டியைத் திறக்க ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு லெட்சுமி அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். பக்கத்துத் தெருவில் இருந்த மலாக்கா செட்டி குடும்பம். பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்; பேசுவது மலாய். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"படம் போச்சு தம்பி! நடுவுல ஒரு கோடுதான் நிக்குது. எட்டு மணிக்கு என் மக ராஜம் கோலாலம்பூர்ல ஆடப்போறா!"

நேரடி ஒளிபரப்பு. விட்டால் விட்டதுதான். முதலாளி என் கையில் பையைத் திணித்தார்.

"சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடுய்யா. இங்க நிக்காத!"

வீடு நிறைய ஆட்கள். அக்காவின் தம்பி கூரைமேல் ஏறி ஏரியலைத் திருப்பிக்கொண்டிருந்தார். "இப்ப வருதா? இப்ப?" என்று மேலிருந்து கத்தினார்.

சத்தம் தெளிவாக வந்தது. திரையின் குறுக்கே மட்டும் பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு. ஏரியல் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் அவரை இறங்கச் சொன்னேன். கோடு திரையைச் சுட்டுவிடாமல் பிரைட்னஸைக் குறைத்தேன். ஹோல்டு, ஹைட் எல்லாக் குமிழையும் திருகினேன். அசையவில்லை. படத்தை மேலும் கீழும் விரிக்கிற கண்ணாடிக் குழாய் வால்வு செத்துவிட்டது. பையில் ஸ்பேர் இல்லை, கடையிலும் இல்லை.

பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். சத்தம் தரும் பகுதியிலும் அதே நம்பர் வால்வு! இரண்டையும் இடம் மாற்றினால் படம் வரும். சத்தம் போய்விடும்.

"அக்கா, ஒண்ணுதான் கிடைக்கும். படம் வேணுமா, சத்தம் வேணுமா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"படம் போடு. அவ ஆடிப் பழகின அந்தப் பாட்டை ஆறு வாரமா வீட்ல கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்!"

பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும்வரை பல்லைக் கடித்துக் காத்திருந்து, மாற்றிப் போட்டேன். கோடு மெல்ல விரிந்தது. அறிவிப்பாளர் வாயை அசைத்தார். அடுத்து ஆறு பெண்கள். "இடப்பக்கம் மூணாவது! ராஜம்!" என்று வீடே அலறியது.

பெட்டியில் சத்தமே இல்லை. அக்கா எழுந்து நின்று பாட ஆரம்பித்தார். முதலில் வேகமாகப் பாடிவிட்டார். மகளின் கால் பின்தங்கியது. உடனே அந்தக் காலையே பார்த்தபடி நிதானப்படுத்தினார். தம்பி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். இரண்டாவது அடியில் மொத்த வீடும் சேர்ந்துகொண்டது. நானும்தான், ஸ்குரூடிரைவரை ஆட்டிக்கொண்டு. ஆட்டம் முடிந்ததும் அக்கா சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

திங்கட்கிழமை புது வால்வு போடப் போனேன். ராஜம் திரும்பி வந்திருந்தாள். "அன்னைக்குப் பாட்டு நல்லா கேட்டுச்சா?" என்றாள்.

"ஜோரா கேட்டுச்சு, உங்கம்மா குரல்ல" என்றேன்.

இளம் டெக்னீஷியன்களுக்கு ஒன்று சொல்வேன். பின்மூடியைக் கழற்றும் முன், அந்த வீட்டார் இன்று எதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எதை முதலில் சரிசெய்வது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.