தம்பிக்கு ஆக்கிப்போட்ட வாழைத்தண்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. ஐந்து நான் பெற்றது, ஆறாவது என் தம்பி. அவனைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். கல்யாணமாகிப் போன வீட்டுக்கு அவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனேன். ஆறு பேரில் ஒருவரையும் வயிற்று நோவு என்று டாக்டரிடம் கொண்டுபோனதில்லை. ஓமம், சுக்கு, கீரை என்று நானே பார்த்துக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒளிப்பானேன்.

இது நடந்தது மூன்று வருஷத்துக்கு முந்தி, ஒரு கார்த்திகை மாசம். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரை ஊர் எங்களுக்கு. தம்பி கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. என்னோடேயே இருந்து, தோட்டங்களில் வாழைத்தார் வெட்டிச் சுமந்து லாரியில் ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வெளிக்குப் போகையில் ரத்தம் படுகிறது என்று ஒருநாள் சொன்னான். என்னிடம் சொல்லவே அவ்வளவு கூச்சம் அவனுக்கு. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

அன்றைக்கு அங்கே சரியான கூட்டம். ஒரு நர்ஸ் பெண் நின்றவாக்கில் சொன்னாள். வயிறு சுத்தமாக இருக்க வேண்டும், லேசான சாப்பாடாகக் கொடுங்கள், முந்தின நாள் தண்ணீர் ஆகாரம் மட்டும், சாயங்காலம் இந்த மருந்தைக் கரைத்து முழுதும் குடிக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்டாள்.

"ஆறு பிள்ளை வளத்தவளுக்கு வயிறு கழுவச் சொல்லித் தரணுமாக்கும்?" என்றேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

வயிறு சுத்தமாக வேண்டும் என்றால் எங்கள் பக்கம் வாழைத்தண்டுதான். சோற்றோடு உள்ளே போன தலைமுடியைக்கூட அது இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பார்கள். தோட்டத்திலிருந்து நல்ல இளந்தண்டாகப் பார்த்து வாங்கி வந்தேன். வட்டம் வட்டமாக அரிந்து, வருகிற நாரையெல்லாம் விரலில் சுற்றி எடுத்துவிட்டு, மோர்த்தண்ணீரில் போட்டுவைத்து, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் வைத்தேன். மறுநாள் முருங்கைக்கீரை, அதோடும் தண்டு. தண்ணீர் ஆகாரம் கொடுக்கச் சொன்ன நாளில் தண்டை இடித்துச் சாறாகக் கொடுத்தேன். தட்டில் வைத்ததை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டான். சாயங்காலம் மருந்தையும் குடித்துவிட்டு, கக்கூசுக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். "இதுக்கு ஆத்தங்கரையிலயே குடியிருந்திருக்கலாம்க்கா" என்று அவன் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். வயிறு சுத்தமாகவில்லை, ஒன்றும் பார்க்க முடியவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்ததே கோபம். நான் பார்த்துப் பார்த்துச் செய்தும் சுத்தமாகவில்லை என்றால் பிசகு இவனிடம்தான் என்று நினைத்தேன்.

"ஏலே, மருந்தக் குடிச்சியா, இல்ல எனக்குத் தெரியாம கீழ ஊத்துனியா?"

அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குடித்தேன் என்று மெல்லச் சொன்னான். தலை நிமிரவில்லை. பஸ் ஏறும் வரைக்கும் வைதுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு அவன் போகவே இல்லை. கூப்பிடும்போதெல்லாம் தார் வெட்டு முடியட்டும் என்பான், ரத்தம் நின்றுவிட்டது என்பான். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆள் மெலிந்து, தூக்கிய தாரோடு வரப்பில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் திரும்பவும் போனோம்.

இந்தத் தடவை வேறொரு நர்ஸ். எங்களை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து பேசினாள். குழாய் நுனியில் கேமரா இருக்கிறது, குடலின் சுவரைப் பார்க்கிறார்கள், நார்ச்சத்து செரிக்காமல் தங்கி அதை மறைத்துவிடும் என்றாள். வாய்க்காலை வடியவிட்டு, அடியில் கிடக்கும் சண்டு சருகையும் வாரினால்தான் மடை எங்கே ஒழுகுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். வயல்வேலை செய்த எனக்கு இது தெரியாதா? கீரை கூடாது, விதை உள்ள பழம் கூடாது, வாழைப்பூ, வாழைத்தண்டு கூடவே கூடாது என்றாள். பிறகு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா, என்னென்ன குடுக்க மாட்டீங்க?" என்று கேட்டாள். கீரை என்றேன், பழம் என்றேன். வாழைத்தண்டை மட்டும் சொல்லாமல் எழுந்துகொண்டேன்.

வெளியே வந்து தம்பியிடம், அன்றைக்குக் கெடுத்தது தண்டுதானாலே என்று கேட்டேன்.

"அன்னைக்கே உள்ள வச்சு டாக்டர் சொன்னாருக்கா, நாரா கெடக்குன்னு."

"பெறகு ஏம்ல சொல்லல?"

"அத்தன பேர் இருக்காங்க, அங்கன வச்சு எப்படிச் சொல்ல? திரும்பப் போனா, நீ ஆக்கிப்போடுதத வேண்டாம்னுல்லா சொல்லணும்."

குடலில் கட்டி பெரிதாகியிருந்தது. முதல் தடவையே பார்த்திருந்தால் சின்னதாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். அறுத்து எடுத்தார்கள். இப்போது அவன் வயிற்றின் பக்கவாட்டில் ஒரு பை. வெளிக்குப் போவதெல்லாம் அதில்தான். கனம் தூக்கக் கூடாது என்பதால் தார் வேலை போயிற்று. வாசலில் உட்கார்ந்து லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

லேசான சாப்பாடு எது, ஏன் என்று முதலிலேயே யாராவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று சில நேரம் நினைப்பேன். சொல்ல வந்தவளின் வாயை அடைத்து அனுப்பியது யார் என்பதும் கூடவே நினைவுக்கு வந்துவிடும். இன்றைக்கும் நான் போட்டதை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிடுகிறான். அன்றைக்கு ஊரார் முன்னால் அவனை வைதேனே, அது தப்புதான் என்று அவனிடம் சொல்ல இத்தனை வயதுக்கும் எனக்கு நாக்கு எழும்பவில்லை.

எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும், அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். ஏட்டி, எழுதுனத ஒருக்கா வாசி. சத்தமா வாசி, வாசல்ல லாரி பாத்துட்டு இருக்க தாத்தாவுக்குக் கேக்கட்டும்.